புதிய க்ரூவுடன் வேகப் படகில்: ட்வென்ட்டி நைனர் ஹெல்ம்களுக்கான முழுமையான வழிகாட்டி

ட்வென்ட்டி நைனர் என்ற பாய்மரப் படகில் முதன்முறையாக ஏறிய ஒருவர் தண்ணீரில் விழுந்தால், பெரும்பாலான நாட்களில் அதற்குக் காரணம் சுக்கான் பிடித்திருந்தவர்தான். இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. ‘அவருக்குச் சமநிலையே வரவில்லை’, ‘சொன்னால் கேட்பதில்லை’ என்று கரைக்கு வந்து புலம்பும் ஹெல்ம்களில் நானும் ஒருவனாக இருந்தேன். சுக்கானையும் படகின் போக்கையும் கையில் வைத்திருப்பவரை ஹெல்ம் என்றும், பாய்க் கயிறுகளை இயக்கித் தம் உடல் எடையால் படகை நிமிர்த்தி வைப்பவரை க்ரூ என்றும் சங்கங்களில் சொல்கிறோம். நன்கு பழகிய இருவர் சேர்ந்து ஓட்டும்போது, படகின் போக்குக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொள்ள க்ரூவுக்குத் தெரியும். புதியவர் ஏறிய நாளில் இது தலைகீழாக வேண்டும். அவர் நகரும் வேகத்துக்கு ஏற்பப் படகை நகர்த்துவது ஹெல்மின் வேலை. பின்வரும் வழிமுறைகள் அனைத்தும், ஓரளவு போட்டிகளில் ஓட்டிப் பழகி, இப்போது ஒரு புதியவரை ஏற்றிச் செல்ல நினைக்கும் ஹெல்முக்காக எழுதப்பட்டவை.

படகைப் பற்றிச் சில சொற்கள் அவசியம். ஆஸ்திரேலியரான ஜூலியன் பெத்வெயிட் வடிவமைத்த ட்வென்ட்டி நைனர், நான்கரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமும் 75 கிலோவுக்கு உட்பட்ட உடற்பகுதியும் கொண்ட இருவர் படகு. அவரே வடிவமைத்த ஃபார்ட்டி நைனர் 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அறிமுகமானது; 2018 ஆசிய விளையாட்டில் வருண் தக்கரும் கே. சி. கணபதியும் இந்தியாவுக்கு வெண்கலம் வென்றது அந்தப் படகில்தான். ட்வென்ட்டி நைனர் அதற்கு இளைய சகோதரி. ஃபார்ட்டி நைனரில் இருவரும் பாய்மரத்திலிருந்து வரும் ட்ரப்பீஸ் கம்பியை இடுப்பில் மாட்டிக்கொண்டு படகுக்கு வெளியே தொங்குவார்கள், இதில் க்ரூ மட்டும் தொங்குவார். இரண்டுக்கும் பொதுவான குணம், பாய் ஏற்றிய நிலையில் ஆளில்லாமல் விட்டால் படகு தானாகவே சாய்ந்து விழுந்துவிடும் என்பது. சைக்கிளைப் போல, ஓடினால் நிற்கும், நின்றால் விழும். கனமான பயிற்சிப் படகில், தடுமாறினால் பாயைத் தளர்த்திவிட்டுச் சற்று மூச்சு வாங்கலாம். அந்த வசதி இங்கே கிடையாது.

1. நாளையும் ஆளையும் தேர்ந்தெடுத்தல்

முதல் பயணத்துக்கு 6 முதல் 10 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற வேக அளவு) வரையிலான சீரான காற்று வேண்டும். ஆறுக்குக் கீழே போனால் கம்பியில் தொங்க எதிர்விசை கிடைக்காது. பன்னிரண்டைத் தாண்டினால் எல்லாமே புதியவரின் கைகால்களைவிட வேகமாக நடக்கத் தொடங்கிவிடும்.

சென்னையில் ஓட்டுபவர்கள் காற்றின் அளவைவிட அதன் நேரத்தைக் கவனிக்க வேண்டும். கரைக்காற்று ஓய்ந்தபின் சிறிது நேரம் நீர் கண்ணாடி போலக் கிடக்கும். பிறகு தென்கிழக்கிலிருந்து கடற்காற்று நுழையும். மாசி, பங்குனியில் இது நாகரிகமாக, படிப்படியாக ஏறும். ஆனி, ஆடியில் அப்படியல்ல. மேற்கிலிருந்து வீசும் பருவக்காற்று கடற்காற்றைத் தடுத்து நிறுத்தி வைத்திருக்கும். தாமதமாக அது உள்ளே வரும்போது திசையும் பலமும் சேர்ந்தே மாறும். ஓர் ஆனி மாத ஞாயிற்றுக்கிழமை, 7 நாட் காற்றைப் பார்த்து ஒரு கல்லூரி மாணவரை ஏற்றிச் சென்றேன். நாங்கள் அலைத்தடுப்புச் சுவரை ஒட்டி இருந்தபோது கிழக்கே நீரின் மேல் ஒரு கருநிறக் கோடு நகர்ந்து வந்தது. அதை நான் பார்த்தேன்; பார்த்தும், இன்னும் ஒரு திருப்பம் செய்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். அன்று ஐந்து முறை கவிழ்ந்தோம். அந்த மாணவர் மறுபடி படகுப் பக்கமே வரவில்லை. அவருக்குத் திறமையில்லாமல் போனதால் அது நடக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை உள்ள நாட்களைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

ஆளைப் பொறுத்தவரை முதல் கேள்வி நீச்சல். மிதவை அங்கி அணிந்து 50 மீட்டர் நீந்துவது போதாது. தலை நீருக்குள் போனால் பதறாமல் இருக்கிறாரா என்பதே முக்கியம். குளத்திலோ நீச்சல் குளத்திலோ ஒருமுறை மூழ்கி எழச் சொல்லி அவர் முகத்தைப் பாருங்கள். அடுத்தது எடை: இருவரும் சேர்ந்து 120 முதல் 140 கிலோ வரை இருந்தால் இந்தப் படகு ஒழுங்காக நடந்துகொள்கிறது என்பது என் அனுபவம். முன்பயிற்சி கட்டாயமில்லை. சிறுவர் படகில் தனியாக ஓட்டிப் பழகியவர்கள் பயத்தில் சுக்கானைப் பிடிக்கக் கை நீட்டுவார்கள். அதைவிட, இருசக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஓட்டுபவருடன் சேர்ந்து சாயப் பழகியவர்கள் விரைவில் தேறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

2. உடையும் கொக்கியும்

உடலோடு ஒட்டிய, 50 நியூட்டன் மிதப்புத்திறன் கொண்ட அங்கி வேண்டும். நீரில் விழுந்ததும் தானாக ஊதிப் பெரிதாகும் வகை இந்தப் படகுகளுக்கு ஆகாது. கவிழ்ந்த பாய்க்கடியில் சிக்கினால், அதுவே ஆளை மேல்நோக்கி அழுத்திப் பிடித்து வெளியே நீந்தவிடாமல் தடுக்கும். அங்கிக்கு மேல் இறுக்கமான மெல்லிய சட்டை ஒன்று அணிந்தால் வார்களும் கொக்கிகளும் கயிற்றில் மாட்டாது. முழங்காலை மூடும் கால்சட்டை, விரல் மூடிய காலணி, விரல்நுனி திறந்த கையுறை, இறுக்கிக் கட்டிய தொப்பி ஆகியவற்றுடன் தலைக்கவசத்தையும் முதல் சில நாட்களுக்கு நான் வற்புறுத்துகிறேன். பெரிய பாயின் அடிக்கட்டையான பூம் மிகத் தாழ்வாகவே கடந்து செல்லும். அது தலையைத் தொடும்போது எச்சரிக்கை கொடுத்துவிட்டுத் தொடுவதில்லை.

ஹார்னெஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இடுப்பையும் தொடையையும் பிடிக்கும் இந்தக் கச்சையின் முன்புறக் கொக்கியில்தான் ட்ரப்பீஸ் கம்பியின் வளையம் மாட்டப்படுகிறது. கொக்கி தொப்புளுக்குச் சற்றுக் கீழே, உடலோடு ஒட்டி இருக்க வேண்டும். இரவல் வாங்கிய தொளதொள ஹார்னெஸில் தொங்கினால் கொக்கி நெஞ்சுவரை ஏறிவிடும். பிறகு அவருக்கு மாட்டவும் வராது, கழற்றவும் வராது. கம்பியில் தொங்குபவர் கணப்பொழுதில் விடுபடும் பொறி ஹார்னெஸில் இருக்க வேண்டும் என்பது இன்று உலகப் போட்டி விதியாகவே இருக்கிறது. பயிற்சிக்கும் அதே வகையைத்தான் கொடுக்க வேண்டும். கயிறு அறுக்கும் வளைந்த கத்தி ஒன்று ஹெல்மின் அங்கியில் இருக்கட்டும்.

3. கரையில் ஒரு மணி நேரம்

இந்த ஒரு மணி நேரத்தைச் சுருக்கியவர்கள் தண்ணீரில் மூன்று மணி நேரம் வீணாக்குவார்கள். படகைத் தள்ளுவண்டியில் நிறுத்தி, முகப்பைக் காற்றுக்கு நேரே திருப்பி, இருபுறமும் யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கயிறுகளின் பெயரை ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு கயிற்றையும் அவர் கையிலேயே கொடுத்து இழுக்கச் செய்து, என்ன நகர்கிறது என்று அவரே சொல்லட்டும். இந்தப் படகின் முன்பாய், திருப்பத்தில் தானாகவே மறுபக்கம் போய்விடும் என்பதால் க்ரூவுக்கு ஒரு வேலை குறைவு. பெரிய பாயின் கயிறான மெயின்ஷீட்டை முதல் நாட்களில் ஹெல்மே வைத்துக்கொண்டால் இன்னொரு வேலையும் குறையும். பழகிய ஜோடிகளில் அது க்ரூவின் கையில்தான் இருக்கும். அந்தப் பெருமையை அவருக்குப் பிறகு கொடுக்கலாம்.

அதன்பின் ட்ரப்பீஸ். படகைப் பிடித்திருப்பவர்களில் ஒருவரை எதிர்ப்பக்க விளிம்பில் எடையாக உட்காரவைத்துவிட்டு, புதியவரை வெளியேயும் உள்ளேயும் குறைந்தது இருபது முறை போய்வரச் செய்யுங்கள். கண்ணால் கொக்கியைப் பார்க்காமல், கைத்தடவலிலேயே மாட்டிக் கழற்றும்வரை விடாதீர்கள். என்னுடன் வந்த ஒரு பெண், பதினைந்தாவது முறைவரை வளையத்தைத் தேடிக் குனிந்துகொண்டே இருந்தார். பதினாறாவது முறை அவர் கட்டைவிரல் வளையத்தின் அடிவிளிம்பைத் தானாகவே தேடிப் பிடித்து மேல்நோக்கித் தள்ளியது. பார்வை தொடுவானத்தில் இருந்தது. அந்த அசைவு வந்தபின் அவரைத் தண்ணீருக்கு அழைத்துச் சென்றேன்.

4. பேச்சை ஒழுங்கு செய்தல்

காற்றிலும் பாயின் படபடப்பிலும் நீண்ட வாக்கியங்கள் காதில் விழாது. இருவரும் கரையிலேயே ஏழெட்டுச் சொற்களை முடிவு செய்துகொள்ள வேண்டும். இடது, வலது என்பதைக் கைவிடுங்கள். திருப்பத்துக்குத் திருப்பம் அவை குழப்பும். ‘காற்றுப் பக்கம்’, ‘பாய்ப் பக்கம்’ என்பவை எப்போதும் உண்மையாக இருக்கும். ‘வெளியே’, ‘உள்ளே’, ‘இழு’, ‘நில்லு’ ஆகியவற்றில் சிக்கல் இல்லை. சிக்கல் ‘விடு’ என்ற சொல்லில்தான். கொஞ்சம் தளர்த்து என்ற பொருளில் ஹெல்ம் ‘விடு’ என்று கத்த, புதியவர் கயிற்றையே கைவிட்டுவிடுவார். ஆகவே நான் முழக்கணக்கில் சொல்கிறேன்: ‘அரை முழம் விடுங்க’, ‘ஒரு முழம் இழுங்க’. முழுவதும் கைவிட வேண்டுமானால் அதற்குத் தனியாக ‘போகட்டும்’ என்ற சொல். பூக்காரம்மா கணக்கு என்று சங்கத்தில் கேலி செய்தவர்களே பிறகு அதை எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு செய்திகளை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். என் குரல் உயர்ந்தால் அது காற்றுக்காகத்தான், கோபத்தால் அல்ல. பயமாக இருந்தால் ‘போதும்’ என்று சொல்லுங்கள், காரணம் கேட்காமல் திரும்பிவிடுவோம். அந்தச் சொல்லை அவர் பயன்படுத்திய நாளில் ஒரு கேள்வியும் கேட்காமல் திரும்பத்தான் வேண்டும். ஒருமுறை ‘இன்னும் அஞ்சு நிமிஷம்’ என்று நீங்கள் சொல்லிவிட்டால், அடுத்தமுறை அவர் சொல்லாமலேயே பயந்துகொண்டிருப்பார்.

5. முதல் இருபது நிமிடங்கள்

மீட்புப் படகு ஒன்று அருகில் இல்லாமல் கிளம்ப வேண்டாம். சென்னைத் துறைமுகத்தில் 1911இல் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கும் பகுதியைப் போன்ற அடைப்பு நீர்ப்பரப்பு, தொடக்கத்துக்கு மிகவும் ஏற்றது. சுவருக்கு வெளியே கடலின் நெடிய அலைகள் புதியவரின் கவனத்தைத் தின்றுவிடும். கப்பல்கள் செல்லும் தடத்தை விட்டு விலகியே இருங்கள். கவிழ்ந்த படகுக்காகக் கப்பலால் நிற்க முடியாது.

முதல் இருபது நிமிடங்களில் ட்ரப்பீஸ் இல்லை, காற்றோடு ஓடும்போது ஏற்றும் பெரிய முன்புறப் பாயான கைட் இல்லை. காற்றைப் பக்கவாட்டில் வாங்கிக்கொண்டு நேராகப் போய், மெதுவாகத் திரும்பி, நேராக வாருங்கள். பூம் மேலெழாமல் பிடிக்கும் கிக்கரைத் தளர்த்தி, முன்பாயைச் சற்று இளக்கமாக வைத்தால், சுக்கான் சிறிது தவறினாலும் படகு மன்னிக்கும். இந்த நேரத்தில் புதியவருக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள்: படகு தட்டையாக இருக்கிறதா என்று தொடுவானத்தை வைத்துப் பார்த்து, சாய்ந்தால் உள்ளேயும் வெளியேயும் நகர்வது. அவர் நகரத் தாமதித்தால் நீங்கள் நகருங்கள்; இன்று சமநிலையின் கடன் உங்களுடையது. கூடவே, நீர்மேல் கருத்து வரும் காற்று வீச்சுகளை அவரே எண்ணிச் சொல்லும்படி கேளுங்கள்: ‘மூணு, ரெண்டு, ஒண்ணு, வந்தாச்சு.’ காற்றைப் பார்க்கத் தொடங்கியவர் பயத்தைப் பாதி மறந்துவிடுவார்.

6. நாமே கவிழ்த்துப் பார்த்தல்

முதல் கவிழ்ப்பு விபத்தாக இருக்கக் கூடாது. அடைப்பு நீரில், அவர் கொக்கி மாட்டாதிருக்கும்போது, ‘இப்போது கவிழ்க்கப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டே கவிழ்த்துங்கள். நீருக்கு மேலே வந்ததும் இருவரும் ஒருவர் பெயரை ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும். பதில் வராதவரை படகைத் தொடக் கூடாது, ஆளைத் தேட வேண்டும். ஏதாவது ஒரு கயிற்றை எப்போதும் பிடித்திருக்க வேண்டும் என்பதும் முதல் பாடம், ஏனென்றால் ஆளில்லாத படகு காற்றில் நகரும் வேகத்துக்கு நீந்தி ஈடுகொடுக்க இயலாது. பாய்க்கடியில் அகப்பட்டால் உள்ளங்கையால் பாயை மேலே தள்ளி, தையல்கோடு ஒன்றைப் பற்றி அதன் வழியே விளிம்புக்கு வர வேண்டும். கொக்கி எங்கோ சிக்கியிருந்தால், விடுவிப்புப் பொறியை இழுத்து ஹார்னெஸை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். இந்த இரண்டையும் கரையில் கண்ணை மூடிக்கொண்டு செய்யவைத்திருந்தால், நீருக்குள் கை தானாகச் செய்யும்.

இந்தப் படகு முழுவதும் தலைகீழாகப் போக அதிக நேரம் எடுப்பதில்லை. புதியவர் வரும் நாட்களில் பாய்மர உச்சியில் ஒரு சிறு மிதவையைக் கட்டிவிடுவது நல்லது. நிமிர்த்தும் முறையில் ஒரு நுணுக்கம் உண்டு. பாய்மரம் காற்று வரும் பக்கம் நீட்டியபடி கிடந்தால், நிமிர்த்தத் தொடங்கியதும் காற்று பாய்க்கடியில் புகுந்து படகை நிமிர்த்துபவரின் மேலேயே மறுபுறம் கவிழ்த்துவிடும். அதனால் ஒருவர் முகப்பைப் பிடித்து நீரில் தொங்க வேண்டும். அவர் உடலே நங்கூரம் போல இழுத்து, முகப்பைக் காற்றை நோக்கித் திருப்பும். புதியவருக்கு இந்த வேலையைக் கொடுங்கள், அவசரமில்லாத வேலை. ஹெல்ம் கயிறுகளெல்லாம் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, படகின் அடியில் நீருக்குள் நீளும் பலகையான டேகர்போர்டின் நுனியில் நிற்காமல் படகின் உடலை ஒட்டிய பகுதியில் ஏறி, மெதுவாகப் பின்னால் சாய வேண்டும். கைட் ஏற்றியிருந்தால் அதை உறைக்குள் இழுத்த பிறகே நிமிர்த்தலாம். நீர் நிறைந்த கைட்டோடு படகு எழாது.

தெரிந்தே கவிழ்த்தல் ஒருமுறை போதாது. இரண்டாவது முறை அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் அடுத்த படி.

7. ட்ரப்பீஸ்

பாக் நீரிணைக் கரையில், பாய்மரப் படகின் குறுக்கே ஒரு நீண்ட பலகையை நீட்டி, காற்றுப் பக்க நுனியில் ஆட்கள் ஏறி உட்கார்ந்து படகைச் சமன் செய்வதைத் தொண்டிப் பக்கத்துப் படகுப் போட்டிகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள். ட்ரப்பீஸும் அதே கணக்குத்தான். பலகைக்குப் பதில் கம்பி. படகின் விளிம்பிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் வெளியே தம் எடையை வைக்கும் 60 கிலோ மனிதர், விளிம்பில் உட்கார்ந்திருக்கும் 90 கிலோ மனிதரைவிடப் படகுக்குப் பயன்படுகிறார்.

வளையத்தை வழக்கத்தைவிட உயரமாக வையுங்கள். தாழ்வாகத் தொங்குவதே வேகம், ஆனால் உயரமாகத் தொங்கினால் உள்ளே வருவது எளிது. விளிம்பில் உட்கார்ந்தபடி கொக்கியை மாட்டி, வெளியே சாய்ந்து முழு எடையையும் கம்பியில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கையை நம்பாமல் கம்பியை நம்பும் கணம் அதுதான். பலர் கைப்பிடியை வெள்ளை விரல்களோடு பிடித்துத் தொங்கி, ஐந்து நிமிடத்தில் தோள் ஓய்ந்துபோவார்கள். பிறகு முகப்புப் பக்கத்துக் காலை விளிம்பில் வைத்துத் தள்ளி, பின்காலைக் கொண்டுவந்து, தோளகலத்துக்குக் கால்களை விரித்து நிற்க வேண்டும். முகப்புப் பக்கத்து முழங்கால் எப்போதும் விறைப்பாக இருக்கட்டும். படகு அலையில் முட்டித் திடீரென வேகம் குறைந்தால், தொங்குபவர் ஊஞ்சல் போல முன்னே வீசப்பட்டு முன்கம்பியைச் சுற்றிக்கொள்வார்; அந்த ஒரு காலே அவரைத் தடுப்பது.

இனி ஹெல்மின் பங்கு. வீச்சு வரும்போது மெயின்ஷீட்டைத் தளர்த்தி, முகப்பை மிகச் சிறிதளவு காற்றை நோக்கி உயர்த்துங்கள். காற்று தணியும்போதுதான் சோதனை: தொங்குபவரின் எடை திடீரென அதிகமாகி, படகு காற்றுப் பக்கமாகச் சாய்ந்து அவர் முதுகு நீரைத் தொடும். அவரை உள்ளே வரச் சொல்லிக் கத்துவதால் பயனில்லை, அவருக்கு அதற்கு மூன்று நொடிகள் வேண்டும். உங்களுக்கு ஒன்று போதும். முதலில் நீங்கள் படகின் நடுவுக்கு நகருங்கள், அதே நேரத்தில் முகப்பைக் காற்றிலிருந்து சற்று விலக்கிப் பாயை நிரப்புங்கள். அவருக்கு எதுவுமே நடக்காதது போலத் தோன்ற வேண்டும். வெகுநேரம் தொங்கியும் முதுகு நனையாமல் கரைக்கு வந்த புதியவர், ‘ட்ரப்பீஸ் ரொம்ப ஈஸிங்க’ என்று சொன்னால், ஹெல்முக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

8. டேக்

முகப்பு காற்றைக் கடக்கும் இந்தத் திருப்பத்தில், வேகத்தைப் பற்றிக் கவலைப்படாமல் வரிசையைப் பற்றி மட்டும் கவலைப்படுங்கள். க்ரூ உள்ளே வந்து கொக்கியைக் கழற்றி, ‘கழட்டியாச்சு’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தச் சொல் கேட்காமல் சுக்கானை நகர்த்தாதீர்கள். கொக்கி மாட்டியபடியே மறுபக்கம் போக முயன்று, கம்பி இழுத்து நிறுத்த, நடுப்படகில் குப்புற விழுவதே எல்லாப் புதியவர்களுக்கும் நேரும் கதை. பிறகு இருவரும் முகப்பைப் பார்த்தபடி, பூமுக்குக் கீழே குனிந்து கடக்க வேண்டும். மறுபக்கத்தில் ஹெல்ம் உட்கார்ந்து படகு தட்டையாகும்வரை க்ரூ நடுவிலேயே குந்தியிருக்கட்டும். அதன் பின்னரே கொக்கி, அதன் பின்னரே வெளியே. பத்து டேக் முடிந்தபின் வேகம் தானே வரும்.

9. காற்றோடு ஓடுதலும் கைட்டும்

வேகப் படகில் ஆபத்தான கணம் உச்ச வேகத்தில் வருவதில்லை. காற்றை எதிர்த்துப் போய்க்கொண்டிருந்த படகை, காற்றோடு ஓடும் திசைக்குத் திருப்பும்போது, காற்றைப் பக்கவாட்டில் முழுமையாக வாங்கும் ஓர் இடைவெளியைக் கடக்க வேண்டியிருக்கிறது. அங்கேதான் பாய்கள் படகை மிக அதிகமாகச் சாய்க்கும். சாய்ந்த படகுக்குச் சுக்கான் கட்டுப்படாது. ஆகவே படகு தட்டையாக இருக்கும் நொடியைத் தேர்ந்தெடுத்து, மெயின்ஷீட்டைத் தாராளமாகத் தளர்த்தி, க்ரூவை உள்ளே அழைத்துப் பின்பக்கம் நகர்த்தி, தயங்காமல் திருப்புங்கள். பாதியில் படகு சாயத் தொடங்கினால் அடம்பிடிக்காமல் மீண்டும் காற்றை நோக்கித் திரும்பி, இன்னொருமுறை முயலுங்கள்.

கைட் என்று நாம் சொல்லும் ஜெனேக்கர் சுமார் 15 சதுர மீட்டர் பரப்புள்ள முன்புறப் பாய். ஏற்றும்போது ஹெல்ம் படகின் நடுவில் நின்று, சுக்கான் கழியை முழங்கால்களுக்கிடையில் பிடித்துக்கொண்டு, காற்றோடு நேராக ஓட்ட வேண்டும். க்ரூ கிணற்றில் நீர் இறைப்பது போல நீண்ட இழுப்புகளாகக் கயிற்றை இழுக்க வேண்டும். குட்டி குட்டியாக இழுத்தால் பாய் பாதியில் காற்றை வாங்கிவிடும், பிறகு இழுக்க வராது. ஏறியபின் க்ரூவின் கண் பாயின் முன்விளிம்பை விட்டு அகலக் கூடாது. விளிம்பு உள்நோக்கிச் சற்றே மடங்கும்வரை தளர்த்தி, மடங்கியதும் அரை முழம் இழுத்து, மறுபடி தளர்த்தி, இப்படியே ஓயாமல். கயிற்றை எங்கும் கட்டி நிறுத்துவதற்கு இங்கே இடமில்லை.

இந்தக் கட்டத்தில் புதியவரின் உள்ளுணர்வு மட்டுமல்ல, சில ஹெல்ம்களின் உள்ளுணர்வும் தவறாகவே சொல்லும். எதிர்க்காற்றில் வீச்சு வந்தால் காற்றை நோக்கித் திரும்புகிறோம். கைட்டோடு ஓடும்போது வீச்சு வந்தால் காற்றிலிருந்து விலகித் திரும்ப வேண்டும். எதிர்மாறாகச் செய்தால் அடுத்த நொடி தண்ணீர்தான். க்ரூவும் அதே சமயம் ஒரு முழம் தளர்த்தினால் படகு நிமிர்ந்து ஓடும். இறக்கும்போது, மேலேற்றிய கயிற்றை அவிழ்ப்பதற்கு முன் பாயை உள்ளிழுக்கும் கயிற்றின் தொய்வை எடுத்துவிட்டு, பாய்க் கயிற்றைக் காலால் மிதித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பாய் முகப்புக்கு அடியில் போய்ப் படகையே நிறுத்தும்.

10. ஜைப்

பின்புறம் காற்றைக் கடக்கும் இந்தத் திருப்பத்தைப் பார்த்துப் பயந்து மெதுவாக்குவதே கவிழ்வதற்கான நேர்வழி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 நாட் காற்றில், அதே திசையில் 8 நாட் வேகத்தில் ஓடும் படகின் பாயில் 4 நாட் காற்றுதான் படுகிறது. படகு தயங்கி நின்றுவிட்டால் 12 நாட்டும் படும். காற்று மூன்று மடங்கானால், அதன் அழுத்தம் வேகத்தின் இருமடிப்படி ஏறுவதால், ஒன்பது மடங்காகிறது. எனவே படகு மிக வேகமாக ஓடும் கணமே ஜைபுக்கு உரிய கணம். புதியவருடன் முதலில் கைட்டை இறக்கிவிட்டு, பெரிய பாயும் முன்பாயும் மட்டும் இருக்கும் நிலையில் ஐந்தாறு ஜைப் செய்யுங்கள். ‘பூம் வருது’ என்று நீங்கள் சொன்னதும் அவர் குனிந்து கடப்பது பழகட்டும். கைட்டோடு செய்யும் ஜைபை இரண்டாம் அல்லது மூன்றாம் நாளுக்குத் தள்ளிவைப்பதில் இழப்பு ஒன்றுமில்லை.

11. எப்போது திரும்புவது

சென்னை வெயிலில் 45 நிமிடம் போதும். களைப்பு வாய்விட்டு வராது. பேசிக்கொண்டிருந்தவர் மௌனமாவது, கொக்கி மாட்ட இரண்டாம் முறை தேவைப்படுவது, கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொள்வது ஆகிய மூன்றில் ஒன்றைப் பார்த்தாலும் திரும்புங்கள். குறிப்பாகக் கயிற்றைக் கையில் சுற்றுவதை அந்த நொடியே நிறுத்துங்கள். திரும்பும் வழி எதிர்க்காற்றாக இருந்தால், அதற்கான தெம்பையும் கணக்கில் வைத்துத்தான் ‘போதும்’ என்பதைத் தீர்மானிக்க வேண்டும். மீட்புப் படகில் குடிநீர் இருக்கட்டும். சொறி எனப்படும் ஜெல்லிமீன் மிதக்கும் நாட்களில் அதில் காடியும் (வினிகர்) இருக்கட்டும்.

கரையேறியபின் எல்லாத் தவறுகளையும் பட்டியலிடாதீர்கள். அவரே ஒன்றைச் சொல்லட்டும், நீங்கள் ஒன்றைச் சொல்லுங்கள். அன்று உங்கள் சுக்கானால் அவர் நனைந்த தடவைகளை ஒப்புக்கொள்வதும் அந்த ஒன்றில் அடங்கும்.

12. முதல் போட்டி

ஐந்தாறு முறை சேர்ந்து போனபின் ஒரு சங்கப் போட்டியில் இறங்கலாம். புறப்பாட்டுக் கோட்டில் முதல் வரிசைக்காக மோத வேண்டாம்; எல்லோரும் போனபின் சுத்தமான காற்றில் கிளம்புங்கள். மிதவைகளை வெளிவட்டமாக, இரண்டு படகு நீளம் தள்ளியே சுற்றுங்கள், ஏனெனில் நெரிசலில் உங்கள் க்ரூவுக்குத் தேவையான அந்த மூன்று நொடிகளை எவரும் தரமாட்டார்கள். காற்று 12 நாட்டைத் தாண்டினால் கைட்டை உறையிலேயே விட்டுவிடுங்கள். பின்னால் வரும் படகுகள் கைட்டோடு உங்களைக் கடந்து போகும்போது க்ரூ திரும்பிப் பார்த்து, ‘நாமளும் ஏத்தலாமா?’ என்று கேட்பார். ‘அடுத்த ரேஸ்ல’ என்று சொல்லிவிட்டு, அவர் பார்வையை மீண்டும் முன்னால் வரும் வீச்சுக்குத் திருப்புங்கள்.